பழசைக் கையில் எடுத்துட்டுப் போங்க: பழைய லேப்டாப்பில் இருப்பது என்ன ரேம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இரண்டு தடவை வந்த சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்றைக்கு ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆறே முக்கால் சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் அகலம். பச்சைத் தகடு, அதன்மேல் கறுப்பாகச் சில சில்லுகள், அடியில் தங்க நிறத்தில் பல்வரிசை. லேப்டாப் ரேம்.

இதைத் தப்பாக வாங்கச் சொல்லி என் தங்கச்சியைப் பதினோரு நாள் பயத்தில் வைத்திருந்தவன் நான். அதனால் இந்த எபிசோட் பாதி பாடம், பாதி மன்னிப்பு.

தங்கச்சி என்றால் சித்தி மகள். ஊர் கொட்டாம்பட்டி. மதுரையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போயிருந்தீங்கன்னா, மேலூர் தாண்டி அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீங்க. இறங்கியிருக்க மாட்டீங்க. நானும் அந்த ஊர்தான். இப்போது சென்னையில் இருக்கிறேன். வீட்டில் யாருக்கு போனோ லேப்டாப்போ மக்கர் பண்ணினாலும் முதல் கால் எனக்குத்தான் வரும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அநேகமாக அது நீங்களாகத்தான் இருக்கும்.

ஒரே திட்டம், வேறவேற மெஷின்

கதைக்கு முன்னால் கொஞ்சம் பின்னணி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் என்று அடுத்த எட்டொன்பது வருடங்களில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்தார்கள். வாங்கிக் கொடுத்தது எல்காட். நான் அந்த முதல் வருட ப்ளஸ் டூ செட். வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் ஆன் பண்ணினோம்.

தங்கச்சியின் அக்காவுக்கு லேப்டாப் வந்தது 2015-இல். தங்கச்சி ப்ளஸ் டூ முடித்தது 2022-இல். அவளுக்கு வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு அந்த விநியோகம் நின்றுபோயிருந்தது. அதனால் அக்காவின் லேப்டாப், அக்காவின் தாவணி மாதிரி, தங்கச்சிக்கு இறங்கி வந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். பத்து வருடப் பழைய மெஷின், அதில் இன்னும் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்.

இதில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. திட்டம் ஒன்றுதான். ஆனால் வருடத்துக்கு வருடம் டெண்டர் வேறு, கம்பெனி வேறு, மாடல் வேறு, உள்ளே இருக்கிற பிராசசர் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்பு லேப்டாப், பையில் முதலமைச்சர் படம். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்.

முப்பது செகண்ட் அட்வைஸ்

தங்கச்சி பி.காம் கடைசி வருடம். ப்ராஜெக்ட் வேலை. ஒரு நாள் போன் பண்ணினாள்.

"அண்ணே, லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே. டேலியத் தொறந்தா எக்செல் மூடிக்கிருது. காலேஜ்ல ஒரு பிள்ள, ரேம் கூட்டுனா சரியாகும்னு சொல்றா."

"எத்தன ஜிபி காட்டுது?"

"ரெண்டு."

"டிடிஆர்3, 4 ஜிபி, லேப்டாப் ரேம்னு கேட்டு வாங்கு. செகண்ட்ஹேண்ட் போதும். பின்னாடி மூடியக் கழட்டி, பழச எடுத்துட்டு இத மாட்டு. அம்புட்டுதான்."

முப்பது செகண்ட். எனக்கு எப்படி அவ்வளவு உறுதி? என்னுடைய 2012 லேப்டாப்பை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்தது டிடிஆர்3. அதுவும் கவர்மென்ட் லேப்டாப், இதுவும் கவர்மென்ட் லேப்டாப். முடிந்தது கணக்கு.

சித்தி நூறு நாள் வேலைக் காசிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். தங்கச்சி மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறி, டவுனுக்குள் போய், ஒரு கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினாள். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. நான் சொன்னதை அவள் கேட்டாள், அவள் கேட்டதை அவர் கொடுத்தார். "பழைய சாமான்மா, திருப்பி எடுக்க மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

ராத்திரி மாட்டினாள். பவர் பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. திரும்பக் கழற்றிப் பழைய ரேமை மாட்டினாள். அப்போதும் கறுப்பு.

அந்த இடத்தில் அவள் எனக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அக்காவின் லேப்டாப்பைத் தானே கொன்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். சித்தியின் பழைய சேலையில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். நான் இரண்டு நாள் கழித்து "எப்படி ஓடுது?" என்று மெசேஜ் போட்டேன். "சூப்பரா ஓடுதுண்ணே" என்று பதில். ப்ராஜெக்டை பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, அந்தச் சேலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை.

ஒரு எழுத்து

மூக்குக் கண்ணாடிக்குப் போடுகிற குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கிடைத்தது. மூடியைக் கழற்றினேன். ஒரே ஒரு ரேம் ஸ்லாட். அதில் பழைய ரேம். வாங்கி வந்த ரேம் தனியாகப் பையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே நீளம், பல்வரிசையில் ஒரே இடத்தில் வெட்டு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

ஸ்டிக்கரைப் படித்தேன். பழையதில் "2 ஜிபி, பிசி3எல்-12800எஸ்". புதியதில் "4 ஜிபி, பிசி3-10600எஸ்".

நம்பரில் இருக்கிற வித்தியாசத்தை விடுங்கள், அது பிரச்சினை இல்லை. மூன்றுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒன்றில் "எல்" இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அந்த "எல்" என்றால் லோ வோல்டேஜ். சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட் வேண்டும். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். தங்கச்சியின் மெஷின் 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கிற வகை. 2013, 2014 வாக்கில் பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்க வேண்டும் என்று வந்த பல லேப்டாப் பிராசசர்கள் இப்படித்தான். அதில் சாதாரண டிடிஆர்3-ஐ மாட்டினால் அழகாக உட்காரும், கிளிப் பூட்டிக்கொள்ளும், திரை மட்டும் வராது.

தலைகீழாக மாட்டினால் பிரச்சினை இல்லை. டிடிஆர்3எல் ரேம் பொதுவாக 1.5 வோல்ட்டிலும் ஓடும். அதனால் பழைய டிடிஆர்3 லேப்டாப்பில் "எல்" போட்ட ரேமை மாட்டலாம். "எல்" கேட்கிற லேப்டாப்பில் "எல்" இல்லாததை மாட்ட முடியாது. இந்த ஒரு வரியை நான் அன்றைக்கு போனில் சொல்லியிருந்தால் போதும்.

சரி, பழைய ரேமைத் திரும்ப மாட்டியும் ஏன் வரவில்லை? அது சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். லேப்டாப் ரேமை நேராக அமுக்கக் கூடாது. கொஞ்சம் சாய்வாக, முப்பது டிகிரி மாதிரி பிடித்து, தங்கப் பல் அநேகமாக மறையும் வரை உள்ளே தள்ள வேண்டும். அப்புறம்தான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் "க்ளிக்" என்று பூட்டிக்கொள்ளும். அவள் பயந்து பயந்து மாட்டியதில் ஒரு பக்கம் பூட்டவே இல்லை. நான் எடுத்துத் திரும்ப மாட்டினேன். பவரை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் திரை வந்தது.

தங்கச்சி அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லக்கூட வாய் வரவில்லை. பதினோரு நாள் அந்தச் சுமையை அவள் தனியாகத் தூக்கியது, நான் முப்பது செகண்டில் சொன்ன ஒரு வார்த்தையால்.

ஏன் இத்தனை வகை?

இந்த ரேம் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டாம்பட்டிக்கும் மேலூருக்கும் நடுவில் கருங்காலக்குடி இருக்கிறது. அங்கே பஞ்சபாண்டவர் மலையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய தமிழ் பிராமி எழுத்து இன்னும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் அந்தக் கல்லின் ஜாதி. எழுதினால் நிற்கும். ரேம் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் இருக்கிற மின்னூட்டம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை மொத்தத்தையும் திரும்ப நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஐபிஎம்-மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் இந்த டிரேமுக்கு 1968-இல் பேடன்ட் வாங்கினார். இன்றைக்கும் நம் மெஷினில் ஓடுவது அதே யோசனைதான்.

மாறியது வேகமும் வோல்டேஜும். டிடிஆர் என்ற முதல் தலைமுறைக்கான தரம் 2000-இல் வந்தது, 2.5 வோல்ட். டிடிஆர்2 2003-இல், 1.8 வோல்ட். டிடிஆர்3 2007-இல், 1.5. டிடிஆர்4 2012-இல், 1.2. டிடிஆர்5 2020-இல், 1.1. ஒவ்வொன்றுக்கும் பின் வரிசை வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை யாரும் மாட்டிவிடக் கூடாது என்றுதான் பல்வரிசையில் அந்த வெட்டை வேறவேற இடத்தில் வைத்தார்கள். டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் மட்டும் வெட்டு ஒரே இடத்தில் இருக்கும். நாங்கள் விழுந்தது சரியாக அந்தக் குழியில்.

இன்னொன்று. ரேமை நடத்துகிற கன்ட்ரோலர் இப்போதெல்லாம் பிராசசருக்கு உள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003-இலும், இன்டெல் 2008-இலும் அதை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் என்ன ரேம் வேண்டும் என்று முடிவு பண்ணுவது லேப்டாப்பின் வயதோ, கம்பெனி பெயரோ, மூடியின் நிறமோ இல்லை. உள்ளே இருக்கிற பிராசசரும் போர்டும்தான்.

கண்டுபிடிக்க நாலு வழி

முதல் வழி, மெஷினையே கேளுங்க. மூடியைக் கழற்றவே வேண்டாம். விண்டோஸ் 8, 10 என்றால் டாஸ்க் மேனேஜர், அதில் பர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கு என்று காட்டும். வேகம் 1333 அல்லது 1600 என்றால் அநேகமாக டிடிஆர்3. 2133, 2400, 2666 என்றால் லேப்டாப்பில் அநேகமாக டிடிஆர்4. 667 அல்லது 800 என்றால் டிடிஆர்2 ஆக இருக்கலாம். ஒன்று கவனிங்க, சில மென்பொருள் பாதி எண்ணைக் காட்டும். டிடிஆர் என்றாலே ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் அனுப்புவது. அதனால் 1600 ரேமுக்கு 800 என்று காட்டினால் பதறாதீங்க, இரண்டால் பெருக்கிக்கோங்க. 

எண்ணை வைத்து ஊகிக்க விருப்பம் இல்லையா? சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் மெமரி என்ற பக்கத்தில் வகை நேராக வரும். எஸ்பிடி என்ற பக்கத்தில் ரேமின் வோல்டேஜ்கூட வரும். ஒவ்வொரு ரேமிலும் ஓர் ஓரத்தில் குட்டியாக ஒரு சில்லு இருக்கிறது. "நான் இன்ன வகை, இவ்வளவு வேகம், இவ்வளவு வோல்ட்" என்று அதில் எழுதியிருக்கும். ரேமின் ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்க. சிபியு-இசட் அதைத்தான் படிக்கிறது. லினக்ஸ் ஆட்கள் டெர்மினலில் அட்மின் அனுமதியோடு டிஎம்ஐடிகோட் கட்டளையைப் போட்டால் வகை, வேகம், ஸ்லாட் எண்ணிக்கை எல்லாம் வரும். பழைய பயாஸ் என்றால் சில வரிகளில் "தெரியாது" என்று வரும். அப்போது அடுத்த வழிக்குப் போங்க.

இரண்டாவது வழி, ஸ்டிக்கர். என்னைக் கேட்டால் இதுதான் ராஜா. "பிசி"-க்குப் பக்கத்து எண்தான் தலைமுறை. பிசி2 என்றால் டிடிஆர்2, பிசி3 என்றால் டிடிஆர்3, பிசி3எல் என்றால் டிடிஆர்3எல், பிசி4 என்றால் டிடிஆர்4. அடுத்து வருகிற பெரிய எண், ஒரு செகண்டில் எத்தனை மெகாபைட் போகும் என்பது. வேகத்தை 8-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். 800-ஐப் பெருக்கினால் 6400. 1600-ஐப் பெருக்கினால் 12800. 1333-ஐப் பெருக்கினால் 10664, அதை 10600 என்று போடுவார்கள். கடைசியில் "எஸ்" இருந்தால் லேப்டாப் ரேம், "யு" இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். டிடிஆர்4 ஸ்டிக்கரில் மட்டும் பெரும்பாலும் வேகத்தையே நேராகப் போட்டுவிடுவார்கள், பிசி4-2400 என்று.

மூன்றாவது வழி, ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால், வெட்டு. லேப்டாப் ரேமைக் கையில் வைத்துப் பல்வரிசையைப் பாருங்க. டிடிஆர்2-இல் 200 பின், வெட்டு ஓர் ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில், ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில். டிடிஆர்3-இல் 204 பின், மூன்றில் ஒரு பங்கு தாண்டி. டிடிஆர்4-இல் 260 பின், வெட்டு கிட்டத்தட்ட நடுவில். டெஸ்க்டாப் ரேம் இதைவிட இரண்டு மடங்கு நீளம். டிடிஆருக்கு 184 பின், டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240, டிடிஆர்4-க்கு 288. அதற்கும் முந்தின எஸ்டிரேம் என்றால் 168 பின், இரண்டு வெட்டு. பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் டிடிஆர்2-இன் வெட்டும் டிடிஆர்3-இன் வெட்டும் ஒரே இடத்தில் இருக்காது. உள்ளே போகவில்லை என்றால் அது தப்பான ரேம். அமுக்காதீங்க.

நான்காவது வழி, மாடல் எண். லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதை வைத்துக் கம்பெனியின் மேனுவலைத் தேடுங்க. என்ன வகை, எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜிபி என்று இருக்கும். இந்த "அதிகபட்சம்" முக்கியம். சில மெஷின் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. சிலவற்றில் ஸ்லாட்டே இருக்காது, ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் மூடியைக் கழற்றுகிற வேலை மிச்சம்.

கழற்றுவதாக இருந்தால், மெஷினை முழுசாக ஷட்டவுன் பண்ணுங்க. சார்ஜரைப் பிடுங்குங்க, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றுங்க. பவர் பட்டனைச் சில செகண்ட் அமுக்கிப் பிடிங்க. ஏதாவது ஒரு இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை ஓரத்தில் பிடித்து எடுங்க. பல்வரிசையில் விரல் படக் கூடாது.

வாங்கும் முன்னால் இன்னொரு கேள்வி

ரேம் சரி. விண்டோஸ் அதைப் பயன்படுத்துமா? அந்த 850 ரூபாய் ரேமை என்னுடைய 2012 லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். அது 1.5 வோல்ட் மெஷின், உடனே ஓடியது. ஆனால் விண்டோஸில் பார்த்தால் 4 ஜிபி இருக்கிறது, அதில் 2 ஜிபிதான் பயன்படும் என்று காட்டியது. அதில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது. கம்பெனியே வைத்த வரம்பு. மற்ற 32 பிட் விண்டோஸ் பதிப்புகள்கூட அதிகபட்சம் 4 ஜிபி, நடைமுறையில் மூன்றரைக்குப் பக்கத்தில்தான். அதற்கு மேல் ரேம் வாங்கினால் காசு தண்டம். நான் லினக்ஸ் போட்ட பிறகுதான் நாலு ஜிபியும் வேலைக்கு வந்தது. அந்த லேப்டாப் இப்போது அப்பா தினமும் செய்தி பார்க்கிற மெஷின். அந்த 850 ரூபாயை சித்தி கையில் கொடுத்துவிட்டேன். வாங்கவே மாட்டேன் என்றார், அது வேறு கதை.

சென்னை வந்ததும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இந்தத் தடவை தங்கச்சியின் பழைய ரேம் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் போட்டோவைப் பார்த்தான், "எல்லா?" என்று ஒரே வார்த்தை கேட்டான், எடுத்துக் கொடுத்தான். எனக்கு முப்பது செகண்டில் தெரியாதது அவனுக்கு மூன்று செகண்டில் தெரிந்தது. கூரியரில் அனுப்பினேன். வீடியோ காலில் அவளே மாட்டினாள். இரண்டு க்ளிக்கையும் எனக்குக் கேட்கிற மாதிரி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டினாள்.

ஜெட் வேகத்தில் ஓடுகிறதா? இல்லை. டேலியும் எக்செல்லும் சேர்ந்து திறக்கிறது, ஒன்று திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்வதில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். ஆனால் ஆன் ஆக இன்னமும் டீ போட்டுக் குடிக்கிற நேரம் ஆகிறது. அது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேலை. ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால்தான் அது சரியாகும். ரேம் எல்லா வியாதிக்கும் மருந்து இல்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் முட்டிக்கொண்டு நின்றால் ரேம் வாங்குங்க. மெமரி காலியாக இருந்து டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி பக்கம் போங்க.

கடைசியாக ஒன்று. அந்த மாட்டுப் பொங்கல் மத்தியானம், திரை வந்த பிறகு, சித்தப்பா தூங்கி எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னோம். இரண்டு ரேமையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, மோட்டாருக்கு ஒரு பேரிங் வாங்கணும்னாக்கூட பழசக் காயிதத்துல சுத்திக் கையில கொண்டுக்கிட்டுல்ல மேலூருக்குப் போறோம். கண்ணால பார்த்தா எல்லா பேரிங்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அதுல அடிச்சிருக்க நம்பரப் பார்த்துத்தான கடைக்காரன் எடுத்துக் குடுப்பான். படிச்ச பயலுக, நீங்க போன்லயே வாங்கச் சொல்லிட்டீகளாக்கும்?"

நான் இவ்வளவு நேரம் பேசியது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அதனால் உங்களுக்கு ஊரிலிருந்து அப்படி ஒரு கால் வந்தால், பதில் சொல்ல அவசரப்படாதீங்க. "பழசோட ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லுங்க. கூடவே, "திரை வரலைன்னா உடனே கூப்பிடு, அது உன் தப்பு இல்ல" என்பதையும் சொல்லிவிடுங்க. இரண்டையும் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

தங்கச்சி ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டாள். கடைசி இரண்டு அத்தியாயம் அந்த லேப்டாப்பிலேயே அடித்தது. இந்த எபிசோடைப் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். "போடுங்கண்ணே. ஆனா எம்பேரச் சொல்லாதீங்க" என்றாள். சொல்லவில்லை.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.